பந்தியில் யாருக்கு எந்த இடம்?

(பொன்விழா ஆண்டையொட்டி, திருமணத்திற்கு நாள் குறித்திருக்கும் குடும்பத்தாருக்காகப் பங்கு மண்டபத்தில் கூட்டிய கூட்டத்தில் நம் பந்திக் குழுவினர் ஆற்றிய உரை)



எங்களுக்கு வாளி தூக்க வரும், இலை போட வரும், பேச்சு வராது. எங்களை மேடையில் ஏற்றிவிட்ட பங்குச் சுவாமியார்தான் இன்று வரும் குறைகளுக்குப் பொறுப்பு. ஆனாலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இந்த மண்டபத்தில் பந்தி பரிமாறி வருகிறவர்கள் என்ற உரிமையில் சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம்.

கலியாணம் நிச்சயமான நாளிலிருந்து வீட்டில் என்னென்னவோ பேசுகிறீர்கள். பட்டு எந்த ஊரில் எடுப்பது, சமையலுக்கு யாரைப் பிடிப்பது, மேடைக்கு எந்தப் பூ என்று மாதக்கணக்கில் ஆலோசனை நடக்கிறது. வருகிற 500 பேரையும் 600 பேரையும் எங்கே, எப்போது, யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. வரவேற்பு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண்ணின் தகப்பனார் எங்களிடம் வந்து, "எல்லாம் நீங்க பாத்துக்கோங்க தம்பிமாரே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை மனங்கள் நொந்துபோகின்றன என்பது பந்தியில் நிற்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். குற்றம் எங்களுடையது என்பதால் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வரவேற்பு. பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு கைம்பெண், வயது எழுபதை நெருங்கியவர், முதல் பந்தியில் ஓர் ஓரமாக வந்து உட்கார்ந்தார். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன், சட்டையில் பட்டை குத்தியிருந்த மிடுக்கில், "அம்மா, இது மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கின வரிசை, கொஞ்சம் எந்திரிங்க" என்றான். "அதுக்கென்ன ராசா" என்று எழுந்துவிட்டார். அடுத்த பந்தியில் வேறொரு வரிசையில் உட்கார்ந்தார். அங்கே குடும்பத்தோடு வந்த ஒருவர், "இங்கே நாங்க ஆறு பேரு சேர்ந்து உட்காரணும்" என்று கேட்டார், மறுபடியும் எழுந்தார். வாசலில் பெண்ணின் தாயார் அவரைக் கண்டு, "மதினி, சாப்பிட்டியளா?" என்று கேட்டபோது, "வயிறு நெறையச் சாப்பிட்டேன் தாயி" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் பேருந்துக்கு வழிகாட்டப் போயிருந்த எங்கள் ஆள் ஒருவர், அரை மணி நேரத்துக்கெல்லாம் அதே அம்மாள் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார். மூன்றாம் நாள் மொய் உறைகளைப் பிரித்தபோது அவர் பெயரில் 101 ரூபாய் இருந்தது.

அதன்பின் அந்த அம்மாள் எந்த வரவேற்புக்கும் வருவதில்லை. காலைத் திருப்பலியோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். மொய் மட்டும் யார் கையிலாவது வந்து சேர்ந்துவிடுகிறது.

அந்தப் பையன் கெட்டவன் அல்ல. ஒதுக்கிய வரிசையைக் காக்கச் சொன்னார்கள், காத்தான். ஒதுக்கும்போது எழுப்பப்படுகிறவரை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது என்று நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. அன்றிரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அன்று தொடங்கியதுதான் இந்தக் கணக்கெல்லாம்.

முதலில் இடத்தின் கணக்கு. நம் சாப்பாட்டுக் கூடம் 60 அடி நீளம், 30 அடி அகலம். ஓர் ஆள் முழங்கை இடிக்காமல் சாப்பிட 2 அடி வேண்டும். ஆகவே 6 அடி மேசைக்கு 3 பேர். நீளத்தில் இரண்டு முனையிலும் நான்கு நான்கு அடி, நடுவில் குறுக்குவழிக்கு 4 அடி விட்டால் மிஞ்சுவது 48 அடி. அதில் 8 மேசை, 24 பேர். அகலத்தில் மேசைக்கு ஒன்றரை அடி, உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு 2 அடி என்று ஒரு வரிசை மூன்றரை அடியைப் பிடிக்கும். எதிரெதிர் மேசைகளுக்கு நடுவே வாளியோடு நடக்க மூன்றரை அடி, முதுகுக்கு முதுகு 3 அடி, இரண்டு சுவரோரமும் மும்மூன்று அடி. கூட்டிப் பாருங்கள்: நான்கு வரிசைக்கு 30 அடியும் சரியாகப் போய்விடும். ஆக ஒரு பந்திக்கு 96 பேர்.

"ஓரத்தில் இன்னொரு வரிசை போடலாமே" என்று கேட்காத வீட்டார் இல்லை. போட்டும் பார்த்திருக்கிறோம். வாளிக்காரர் பக்கவாட்டில் நண்டு போல நடக்க வேண்டியதாயிற்று. இரசம் ஒரு சம்பந்தியம்மாளின் பட்டுச் சேலையில் ஊற்றியது. அந்தச் சேலையின் விலையை இன்றும் எங்களிடம் சொல்லிக்காட்டுகிறார்கள்.

அடுத்தது நேரத்தின் கணக்கு. ஒருவர் நிதானமாகச் சாப்பிட 25 நிமிடம். இலை எடுத்து, மேசை துடைத்து, தாள் விரித்து, மறு இலை போட்டுத் தண்ணீர் வைக்க 15 நிமிடம். பந்தி ஒன்றுக்கு 40 நிமிடம். (மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, வெறும் காகிதம் மட்டும் வாங்கி வாருங்கள்.) 600 பேருக்கு 96 வீதம் என்றால் ஏழு பந்தி. மாலை 6.30-க்குத் தொடங்கினால் முடிய இரவு 11.10 ஆகும். பிள்ளைகள் தூங்கிவிழும்; கடைசிப் பேருந்து 9.30-க்கே போய்விடும். முற்றத்தில் பந்தல் போட்டு இன்னொரு 96 இருக்கைகள் சேர்த்தால் பந்திக்கு 192 பேர். நான்கே பந்தி, 9.10-க்கு முடிந்துவிடும். பந்தல் வாடகைக்கு யோசிக்கிறவர்கள் மேடைப் பூவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. பூவை அன்றிரவே குப்பையில் அள்ளுகிறவர்களும் நாங்கள்தானே!

வருவோர் எண்ணிக்கை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மேல்நாட்டில் அழைப்பிதழ் பெற்றவர் வருகிறேன், வரவில்லை என்று எழுத்தில் பதில் அனுப்புவார். நாற்காலிதோறும் பெயர்ச் சீட்டு வைத்துவிடலாம். நாமோ சுற்றமும் நட்பும் சூழ வாருங்கள் என்று அச்சடித்துவிட்டு, சூழ்ந்து வந்தபின் திகைக்கிறோம். ஆனால் நமக்கும் ஒரு வசதி இருக்கிறது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கிறார்கள் அல்லவா? முதல் ஓலையன்று அழைத்த வீடுகளின் பட்டியலைத் தெருவாரியாக எழுதுங்கள். இரண்டாம் ஓலைக்குள் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், அதில் முதியோர் எத்தனை, கைக்குழந்தை எத்தனை என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்றாம் ஓலையன்று அந்தப் பட்டியல் சமையல்காரர் கையிலும் எங்கள் கையிலும் இருக்க வேண்டும். குறிப்பது வீட்டுப் பெண்களாக இருந்தால் நல்லது. ஆண்கள் குறித்தால் "குடும்பத்தோடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இனி முதல் பந்திக்கு வருவோம். பந்திக்கு முந்து என்று பழமொழியே இருப்பதால் முந்துவதில் நம்மவர்களுக்குக் கூச்சமில்லை. கூச்சப்படுகிறவர்கள்தான் கடைசியில் நிற்கிறார்கள். ஆகவே முதல் பந்தி இன்னாருக்கு என்று வீட்டாரே முன்கூட்டித் தீர்மானித்துவிட வேண்டும். எங்கள் அனுபவத்தில் அது நால்வகையினருக்கு உரியது: சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கோல் ஊன்றி வரும் முதியோர், கடைசிப் பேருந்தை நம்பி வந்திருக்கும் வெளியூர்க்காரர்கள். இதில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்ற பேதமில்லை. பணக்காரர், ஏழை என்ற பேதமும் தானாக மறைந்துவிடும். சர்க்கரை நோய் இரு சாராருக்கும் வருகிறது. இவர்களுக்குக் கூடத்தில், கைகழுவும் இடத்துக்கு அருகிலுள்ள வரிசையைக் கொடுங்கள். பந்தலில் தரை மேடுபள்ளம். கோல் ஊன்றுகிறவர்களை அங்கே அனுப்பாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்குவது மரியாதைதான். வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒதுக்குவதற்கு ஓர் எண்ணும் ஒரு நேரமும் வேண்டும். வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்காக இரண்டு வரிசையைக் காலியாக வைத்துவிட்டு, எதிரே பசித்த பிள்ளைகளை நிறுத்திவைக்கும் காட்சி நல்லதல்ல. 24 இடம் ஒதுக்குங்கள். ஏழு மணி வரை வரவில்லையென்றால் அவற்றை நிரப்பிவிட்டு, அடுத்த பந்தியில் அதே 24 இடத்தைக் கொடுப்போம். இதைச் சம்பந்தகாரரிடம் பெண்ணின் தாய்மாமன் வாயால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். எங்கள் வாயால் அந்த நேரத்தில் சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிற வழக்கத்தை என்ன சொல்வது? பாயசத்தை விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் எத்தனையோ பேர் எழுந்து போயிருக்கிறார்கள். இதைத் தடுக்க ஒருமுறை நியாயவிலைக் கடை போல வரிசை எண் போட்ட சீட்டுக் கொடுத்துப் பார்த்தோம். படுதோல்வி. "கலியாண வீட்டுச் சோத்துக்குச் சீட்டா?" என்று ஒரு பெரியவர் சீட்டைக் கிழித்து எங்கள் கையிலேயே கொடுத்தார். செல்வாக்குள்ளவர்கள் அடுக்களை வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது வேறு வழி செய்கிறோம். பந்தி தொடங்கியதும் கூடத்தின் கதவைச் சாத்திவிடுகிறோம். வரவேற்பு மண்டபத்தில் மின்விசிறியின் கீழ் நாற்காலிகளை 24, 24-ஆகப் பிரித்துப் போட்டு, இலை போட்டு முடித்ததும் மாதர் சங்கத்துப் பெண்கள் போய், "வாங்க அண்ணாச்சி, வாங்க அக்கா" என்று வரிசையாக அழைத்து வருகிறார்கள். அழைத்தால் கூச்சமுள்ளவரும் எழுந்து வருகிறார். அழைக்காவிட்டால் முண்டுகிறவர் மட்டும்தான் வருவார். எண் சீட்டால் ஆகாதது ஒரு "வாங்க" என்ற சொல்லால் ஆகிறது.

மொய் எழுதும் மேசையைப் பற்றி. பல வீட்டார் அதைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே போட விரும்புகிறார்கள். யாரும் தப்பக்கூடாது என்பதற்காகத்தான், வேறென்ன? ஆனால் கையில் குறைவாக இருக்கிறவர் அந்த மேசையைத் தாண்டிப் பந்திக்குப் போகக் கூசுகிறார். அப்படித் திரும்பிப் போனவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறோம். மேசையை மேடைப் படியருகே போடுங்கள். ஒலிபெருக்கியில் தொகையைப் படிக்கவே வேண்டாம்.

இதைவிடக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களிடம் சிலர் தனியாக அழைத்து, "எங்க ஆளுங்களுக்கு மட்டும் தனி வரிசை போட்டுருங்க" என்று கேட்டதுண்டு. இப்போதெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை; "முக்கியமானவங்களுக்கு மேல் மாடியில் தனியா ஒரு ஏற்பாடு" என்று நாசூக்காகக் கேட்கிறார்கள். மாடிக்கு யார் யாரை அனுப்புவது என்ற பட்டியலைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். நம் மாவட்டத்துக் கத்தோலிக்கருக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. வடக்கன்குளம் கோயில் இரண்டு சாதியார் தனித்தனியே நின்று பூசை காணும்படி இரண்டு கூடங்களாகவே கட்டப்பட்டு, நடுவே சுவரும் இருந்தது. 1910-இல் கௌசானல் சுவாமியார் அந்தச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடிப் பார்த்தும் பலிக்கவில்லை. பந்தியிலும் இதே கதைதான். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது என்பதற்காக 1924, 25-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடே இரண்டுபட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். ஒரு வேளைச் சோறு எங்கே உட்கார்ந்து தின்பது என்ற கேள்வி அவ்வளவு பெரியது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாய் உட்கார்ந்து தட்டேந்தினார்கள்; இன்று உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு நாள் பார்க்கிற தகப்பன்மார் பலர் அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தாம். எட்டு வயதில் உட்கார முடிந்தவர்களுக்கு ஐம்பது வயதில் என்ன தடை?

ஆகவே மாடி ஏற்பாட்டுக்கு எங்கள் குழு பரிமாறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இதனால் இரண்டு வீட்டார் எங்களை விட்டுவிட்டு வெளியாட்களை அமர்த்திக்கொண்டார்கள். வருத்தம்தான், அவர்களும் நம் பங்கின் மக்கள்.

மாடியைப் பற்றிப் பேசும்போது பங்குச் சுவாமியார் எங்களுக்குச் சொன்ன ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உரோமர் காலத்து வீடுகளில் உணவறை என்றால் மூன்று சாய்வுக் கட்டில்கள். கட்டிலுக்கு மூவர் வீதம் 9 பேர். எந்தக் கட்டிலில் எந்த இடம் யாருக்கு என்பதெல்லாம் மதிப்பின்படி வரையறுக்கப்பட்டிருக்கும். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வெளியே. கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் கூடிச் சாப்பிட்டபோது சிலர் முந்தி உண்டு திருப்தியடைய, சிலர் பசியோடு இருந்ததைப் புனித பவுல் தம் முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் கண்டித்து எழுதுகிறார். பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கையும் கந்தலுடுத்தியவருக்குத் தரையும் காட்டுவதைப் பற்றிப் புனித யாக்கோபு எழுதியிருக்கிறார். லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையோ நேராகவே கலியாணப் பந்தியில் இடம் பிடிக்கிறவர்களைப் பற்றியது. கானாவூர்க் கலியாணத்தில்கூடப் பந்தியைக் கவனிக்க ஒருவர் இருந்தார். நம் தமிழ் வேதாகமத்தில் அவருக்குப் "பந்தி மேற்பார்வையாளர்" என்று பெயர். எங்கள் உத்தியோகம்தான் அது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளை என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். வரப்புத் தகராறில் பத்து வருடமாக முகம் பார்க்காத இரண்டு சகோதரர்களை ஒரு கலியாணத்தில் வேறு வேறு பந்தியில் உட்கார வைத்தோம். பிந்தி உட்கார்ந்த அண்ணன், "அவனுக்கு முதல் பந்தி, எனக்கு மிச்சமா?" என்று இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். இன்னொரு கலியாணத்தில், சமாதானம் செய்யும் ஆசையில், வேறு இருவரைப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார வைத்தோம். இருவருமே சாப்பிடவில்லை. இப்போது ஒரே பந்தி, வேறு வேறு வரிசை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி முதுகுக்கு முதுகு. ஒரே வாளியிலிருந்து சோறு போகிறது. அதற்கு மேல் அன்றைக்கு எதிர்பார்க்கக் கூடாது. வழக்கைத் தீர்க்கிற இடம் பந்தியல்ல.

தட்டை ஏந்திக்கொண்டு நின்றுகொண்டே சாப்பிடும் முறை நகரங்களில் பரவியிருக்கிறது. நம் ஊரிலும் இரண்டொருவர் செய்தார்கள். முதியோருக்கு ஆகாது, தட்டைப் பிடித்தால் கோலைப் பிடிக்கக் கையில்லை. வைக்க விரும்பினால் பந்தியோடு கூட வையுங்கள்.

2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் 50 பேருக்கு மேல் கலியாணத்துக்குக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது இந்தக் கூடத்தில் நடந்த விருந்துகளில் ஒரே பந்திதான். இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பின்னால் யாரும் நிற்கவில்லை. அழைக்க முடியாத சொந்தங்களை நினைத்துப் பெண்ணின் தாய் அழுததையும் பார்த்தோம். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அன்று மணமகனின் தகப்பனாருக்குப் பக்கத்து நாற்காலியில் மண்டபத்து மின்பணியாளர் உட்கார்ந்து சாப்பிட்டார். இடம் இருந்தது, உட்கார்ந்தார். யாருக்கும் அது ஒரு செய்தியாகவே தெரியவில்லை.

அதிலிருந்துதான் கடைசிப் பந்தியைப் பற்றிய எண்ணம் எங்களுக்குப் பிறந்தது. 192 வீதம் மூன்று பந்தியில் 576 பேர் சாப்பிட்டுவிடுவார்கள். நான்காவதில் மிச்சம் 24 விருந்தினர். அவர்களோடு யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம்: சமையல்காரர்களும் அவர்களுடைய கையாட்களும், மேளக்காரர்கள், பாடகர் குழுவினர், பேருந்து ஓட்டுநர், பந்தல்காரர், புகைப்படக்காரர், பாத்திரம் தேய்க்கிற பெண்கள், எச்சில் இலை எடுக்கிறவர்கள், கோயில் மணியடிக்கிறவர். எப்படியும் ஐம்பது பேர் தேறும். முன்பெல்லாம் இவர்களுக்கு அடுக்களை ஓரத்தில் நின்றபடிதான் சாப்பாடு; அதுவும் கூட்டு தீர்ந்து, அப்பளம் நொறுங்கிய பிறகு.

எங்கள் வேண்டுகோள் இதுதான். நான்காம் பந்தியில் பெண்ணின் தாய் தகப்பன், மாப்பிள்ளையின் தாய் தகப்பன், முடிந்தால் மணமக்களும் உட்காரட்டும். இந்த ஐம்பது பேரும் அதே மேசைகளில் அவர்களோடு உட்காரட்டும். நாங்கள் பரிமாறுகிறோம். சமையல்காரரிடம் அந்தப் பந்திக்கான கூட்டு, பொரியல், இறைச்சி, பாயசத்தை முதலிலேயே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைக்கச் சொல்லிவிடுவோம். சென்ற ஆண்டு மூன்று வீட்டார் இதற்கு இசைந்தார்கள். முதல் வீட்டில் இலை எடுக்கிற பெண்மணி உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்தார். மாப்பிள்ளையின் பாட்டி அவர் கையைப் பிடித்து இழுத்து, "நீ உட்காந்தாத்தான் நான் இலையில கை வைப்பேன்" என்ற பிறகுதான் உட்கார்ந்தார். அன்று பந்தி விசாரிக்க யாரும் போகவில்லை. விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் இலை முன்னால் இருந்தார்கள்.

கைம்பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்ணைப் பெற்ற தாயே கைம்பெண் என்றால் அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்துகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நம் கோயில் எங்கும் இப்படிச் சொல்லவில்லை. மேடைக்கு எதிரே முதல் நாற்காலி அவருக்கு. இதை நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்கப் போவதில்லை, போட்டுவிடுவோம்.

ஈஸ்டர் கழிந்ததும் மே மாதத்தில் நான்கு வீட்டார் நாள் வைத்திருக்கிறீர்கள். வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடத்தைத் திறந்து வைத்திருப்போம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு மேசைகளையும் அடுக்கிக் காட்டுகிறோம். வீட்டுக்கு இரண்டு பேர் வாருங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அழைப்புப் பட்டியலைத் தெருவாரியாக எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலில் பீடி சுற்றும் நம் அம்மாளின் பெயர் இருக்கிறதா என்று நாங்கள் முதலில் பார்ப்போம். இருந்தால், வரவேற்பன்று மாலை அவரை வீட்டிலிருந்து அழைத்துவர அந்தப் பையன் போவதாகச் சொல்லியிருக்கிறான். வருவாரா என்பது தெரியாது.